தள்ளாடத் தெரிந்த மரமீன்: வீட்டில் செதுக்கும் லூர்களின் எடைக் கணக்கு

கடையில் தொங்கும் லூர்களை, அதாவது தூண்டிலில் இரைக்குப் பதிலாகக் கட்டி இழுக்கும் பொய்மீன்களை, பார்ப்பவர்களின் கண் முதலில் நிறத்துக்குத்தான் போகும். செதில் வரைந்த பக்கங்கள், சிவந்த செவுள், முப்பரிமாணக் கண் என்று ஆளை மயக்க நிறைய இருக்கும். மீனைப் பிடித்துத் தருவது பெரும்பாலும் கண்ணில் படாத ஒன்று: வயிற்றுக்குள் எங்கோ ஓரிடத்தில் புதைந்திருக்கும் நாலைந்து கிராம் ஈயம். அந்த ஈயம் ஒரு சென்டிமீட்டர் முன்னே இருந்தால் ஒரு மீன், பின்னே இருந்தால் வேறு மீன், மேலே ஏறிவிட்டால் வெறும் மரக்கட்டை.

வீட்டில் மரம் செதுக்கி லூர் செய்யத் தொடங்குபவர்கள் பலர் உருவத்தில் குறை வைப்பதில்லை. கத்தியும் உப்புத்தாளும் பழகிவிட்டால் மீன் வடிவம் யாருக்கும் வந்துவிடும். தண்ணீரில் போட்டு இழுக்கும்போதுதான் கணக்கு உதைக்கும். ஒன்று மல்லாந்து விழுகிறது, ஒன்று பென்சில்போல ஆடாமல் அசையாமல் நேராக வருகிறது, இன்னொன்று பம்பரமாகச் சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கிவிடுகிறது. சமநிலை என்றால் ஆடாமல் நிற்பது என்றுதான் நமக்குப் பழக்கம். லூருக்கு அந்தச் சமநிலை உதவாது. அது ஒரு பக்கம் சாய வேண்டும், கவிழ்வதற்குள் திரும்ப வேண்டும், மறுபக்கம் சாய வேண்டும். இது நொடிக்குப் பல தடவை நடக்க வேண்டும். கவிழாத அளவுக்கு மட்டும் உறுதி, அதற்கு மேல் ஒரு துளிகூட இல்லாமல்: செய்பவர் தேடுவது அந்த இடத்தைத்தான்.

இதை முதலில் செய்து பார்த்தவர் யார் என்று தேடினால் பல நாடுகளில் பல பெயர்கள் கிடைக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டவாஜியாக் என்ற ஊரில் ஜேம்ஸ் ஹெடன் மரத்தவளை செதுக்கி, பின்னாளில் அதையே பெரிய தொழிலாக்கினார். ஆனால் தள்ளாட்டத்தையே குறிக்கோளாக வைத்துச் செய்தவர் என்றால் என் ஓட்டு பின்லாந்தின் லௌரி ராபாலாவுக்கு.

1905ல் பிறந்தவர். ஹெல்சின்கிக்கு வடக்கே சுமார் நூற்றிருபது கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் பையன்னே ஏரியின் கரையில் வாழ்ந்தார். மரம் வெட்டும் வேலை, பண்ணை வேலை, மீன்பிடி என்று கிடைத்ததைச் செய்து பிள்ளைகளை வளர்த்த ஏழைக் குடும்பம். துடுப்புப் படகில் நாளெல்லாம் ஏரியில் திரிந்தவருக்கு, வேட்டை மீன்கள் எப்படி இரை தேர்ந்தெடுக்கின்றன என்று பார்க்க நேரம் நிறையவே இருந்தது. கூட்டமாக ஓடும் குஞ்சு மீன்களில் நேராக நீந்துவதை விட்டுவிட்டு, அடிபட்டோ நோயுற்றோ சற்றுச் சாய்ந்து தடுமாறும் ஒன்றைத்தான் பெரிய மீன் பாய்ந்து பிடிக்கிறது என்பதைக் கண்டார். உயிருள்ள இரையைத் திரும்பத் திரும்ப முள்ளில் கோக்கும் வேலையும் மிச்சமாகும் என்று, 1936ல் தக்கையைச் செருப்புத் தைப்பவர் கத்தியால் சீவி ஒரு மீன் செய்தார். மேலே சாக்லேட், பாலாடைக்கட்டி சுற்றிவரும் வெள்ளித்தாள். வார்னிஷ் வாங்க வழியில்லாததால் பழைய புகைப்பட நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார்.

நெகட்டிவ் விஷயத்தைப் பலரும் ஏழ்மையின் சின்னமாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கு அது நல்ல வேதியியலாகத் தெரிகிறது. அந்தக் காலத்துப் படச்சுருள் பலவும் நைட்ரோசெல்லுலோஸ். நகப்பூச்சிலும் பழைய மரச்சாமான் லாக்கரிலும் இருப்பது அதே பொருள்தான். நீர் புகாத, கெட்டியான, எடையே சேர்க்காத மெல்லிய தோல் அது. எடை சேர்க்காத என்பதை அடிக்கோடிட வேண்டும். சீக்கிரம் தீப்பற்றும் பொருள் என்பதால் இன்று யாரும் அதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

தக்கை கிடைக்காத காலத்தில் பைன் மரப்பட்டை. பின்லாந்துப் பிள்ளைகள் படகு செதுக்கி விளையாடுவது அந்தப் பட்டையில்தான், ஆகவே கைக்குப் பழகிய பொருள். பிறகு தென்னமெரிக்க பால்சா மரம். 1959 வாக்கில் மினியாபொலிஸ் நகரின் ரான் வெபர், ரே ஆஸ்ட்ரம் என்ற இருவர் ராபாலாவின் லூரை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்யத் தொடங்கினார்கள். 1962 ஆகஸ்டில் மர்லின் மன்றோ இறந்ததையொட்டி வெளிவந்த லைஃப் இதழில் இந்த லூரைப் பற்றிய கட்டுரையும் இருந்தது. அந்த இதழ் விற்ற விற்பனையில் லூரின் புகழும் ஏறியது. பிரபலமான கதை, இதற்கு மேல் இங்கே வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று: தக்கை, மரப்பட்டை, பால்சா மூன்றும் வெவ்வேறு பொருள்கள், ஆனால் மூன்றுமே மிக லேசானவை. ராபாலா வடிவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தேக்கிலோ வேம்பிலோ செதுக்கியிருந்தால் அந்தத் தள்ளாட்டம் வந்திருக்காது.

ஏன் வராது என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்பது செ.மீ. நீளம், இரண்டு செ.மீ. உயரம், ஒன்றரை செ.மீ. தடிமன் உள்ள மீன் வடிவம் என்று வையுங்கள். இருமுனையும் குறுகிய அந்த வடிவத்தின் கன அளவு, மூன்றையும் பெருக்கி வருவதில் பாதிக்குச் சற்று மேல். சுமார் 14 கன செ.மீ. முழுக்க மூழ்கினால் அது 14 கிராம் நல்ல தண்ணீரை விலக்கும், அதாவது நீர் அதை 14 கிராம் அளவுக்கு மேலே தூக்கும். ஆர்க்கிமிடீஸ் சொன்னது அவ்வளவுதான்.

இப்போது மரம். பால்சாவின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 0.16 கிராம். அந்த உடல் 2.2 கிராம்தான் இருக்கும். தேக்கு 0.65 என்றால் அதே உடல் 9.1 கிராம். நம் ஊர்த் தச்சுப் பட்டறையிலோ விறகுக் கடையிலோ கிடைக்கும் லேசான மரங்கள் இரண்டுக்கும் நடுவில் வரும். தீக்குச்சிக்குப் போகும் பெருமரம், இலவம், கல்யாண முருங்கை போன்றவை 0.3, 0.4 அளவில் நிற்கும். காய்ந்த பக்குவத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். 0.4 என்று எடுத்தால் 5.6 கிராம்.

இரண்டு மும்முள் கொக்கி, வளையங்கள், உடலுக்குள் ஓடும் கம்பி, மூக்கடியில் நாக்குபோல நீட்டிய முன்தகடு, பூச்சு எல்லாம் சேர்ந்து தண்ணீருக்குள் கீழே இழுப்பது மூன்று கிராமுக்குச் சற்று மேல் என்று கொள்ளலாம். பால்சா உடலில் அதன் பிறகும் கிட்டத்தட்ட 8.7 கிராம் மிதப்பு மிச்சம். பெருமரத்தில் 5.3 கிராம். தேக்கில் வெறும் 1.8 கிராம். இந்த மிச்சம்தான் செய்பவரின் கையிருப்பு. அதற்குள்தான் ஈயம் வாங்க முடியும். தேக்கில் செதுக்கியவர் ஈயம் வைக்க இடமே இல்லாமல் முழிப்பார்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீரின் நடுவே மேலும் போகாமல் கீழும் போகாமல் நிற்கும் லூர் வேண்டும் என்றால், எந்த மரத்தில் செய்தாலும் அதே வடிவத்துக்கு மொத்த எடை கிட்டத்தட்ட ஒன்றேதான். விலக்கும் நீரின் எடைக்குச் சமமாக வந்தாக வேண்டுமே. அப்படியானால் மரத்தால் மாறுவது என்ன? எடை எங்கே குடியிருக்கிறது என்பது மாறுகிறது. லேசான மரத்தில் எடையின் பெரும்பகுதி வயிற்றடி ஈயத்தில் திரண்டு நிற்கும். கனமான மரத்தில் அது தலையிலிருந்து வால்வரை, முதுகிலிருந்து வயிறுவரை பரவிக் கிடக்கும். நடுவில் திரண்ட எடை சட்டென்று திரும்பும். பரவிய எடை திரும்பச் சோம்பல்படும், திரும்பத் தொடங்கினால் நிற்கவும் சோம்பல்படும். அமெரிக்காவின் விஸ்கான்சின், மின்னசோட்டா பக்கம் மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனுக்கு மேப்பிள் போன்ற கெட்டியான மரத்தில் செய்யும் பெரிய லூர்கள் இந்தச் சோம்பலையே பயன்படுத்திக்கொள்கின்றன. ஒரு வெட்டு இழுப்பில் இடப்பக்கம் நீளமாக வழுக்கிப் போகும், அடுத்த இழுப்பில் வலப்பக்கம். அங்கே கனமான மரம் குறை இல்லை. துடிப்பான சின்ன லூருக்கு அதே மரம் ஆகாது.

ஈயம் எங்கே என்ற கேள்விக்கு வருவோம். மூழ்கிய உடலை நீர் மேலே தூக்குவது அதன் வடிவத்தின் நடுப்புள்ளி வழியாக. பூமி கீழே இழுப்பது எடையின் நடுப்புள்ளி வழியாக. இரண்டாவது புள்ளி முதலாவதற்கு நேர் கீழே இருக்கும்வரை லூர் நிமிர்ந்து நிற்கும். சாய்த்தால் திரும்பி வரும். இரண்டுக்கும் இடைவெளி கூடக்கூடத் திரும்பி வரும் விசை கூடும். இங்கேதான் பொறி இருக்கிறது. பாதுகாப்புக்கு என்று வயிற்றின் அடியாழத்தில் ஈயத்தை அள்ளி வைத்தால் தலையாட்டிப் பொம்மைபோல எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும், ஆனால் நீர் தள்ளும் சிறு தள்ளலுக்கு அசையாது. ஈயம் நடுப்புள்ளியை ஒட்டி மேலே ஏறிவிட்டால் அசைவு அபாரமாக இருக்கும், கொஞ்சம் வேகமாக இழுத்ததும் மல்லாந்துவிடும். ஆகவே முதலில் வயிற்றுக்கோட்டை ஒட்டி வைத்து, ஆட்டம் போதவில்லை என்றால் அடுத்த பிரதியில் துளையை இரண்டு மி.மீ. ஆழமாக்கி ஈயத்தை மேலே கொண்டுபோவது நல்ல வழி. எடையைக் குறைக்காமல் விறைப்பை மட்டும் குறைக்கலாம்.

முன்பின் கணக்கு வேறு. தலைப்பக்கம் கனத்தால் மூக்கு தாழ்ந்து, இழுத்தவுடன் முன்தகடு நீரைக் கடித்து உள்ளே இறங்கும். வால்பக்கம் கனத்தால் தூர எறியலாம், காற்றில் அம்பாகப் போகும், ஆனால் நீருக்குள் வால் ஆட மறுக்கும். ஆடவேண்டிய நுனியிலேயே எடையைக் கட்டினால் எப்படி ஆடும்? பெரும்பாலான நீந்தும் லூர்களுக்கு முதல் கொக்கித் தொங்கும் இடத்தை ஒட்டி, நடுவுக்குச் சற்று முன்னால் ஈயம் வைப்பது நம்பிக்கையான தொடக்கப்புள்ளி. அங்கே ஏற்கெனவே கொக்கி எடையும் இருப்பதால் எல்லாம் ஓரிடத்தில் திரளும்.

விதிவிலக்கு மேல்நீர் லூர்கள். முன்தகடு இல்லாமல் நீர்ப்பரப்பில் இடம் வலம் தலையை வெட்டி நடக்கும் நீளக் கட்டைகள். இவற்றுக்கு எடை வாலில். நிறுத்தினால் மூக்கை மேலே நீட்டிச் சாய்ந்து மிதக்கும், கோல்நுனியைச் சுண்டினால் தலை ஒரு பக்கம் வழுக்கும். மூக்குநுனியில் எடை இல்லாததால்தான் அந்தத் தலைவெட்டு. பாசி படர்ந்த குளங்களில் விராலுக்குக் காலங்காலமாகத் தவளையைக் கோர்த்து நீர்ப்பரப்பில் தத்தவிடுவது வழக்கம். அந்த வேலையை ஒரு மரத்துண்டு செய்ய வேண்டுமானால் எடை வாலுக்குத்தான் போக வேண்டும்.

சோதிக்க ஆறு குளம் தேவையில்லை, வாளித் தண்ணீர் போதும். உடலுக்கு நீர்புகாப் பூச்சு போட்ட பிறகு, கொக்கி, வளையம், முன்தகடு எல்லாவற்றையும் தற்காலிகமாக மாட்டி, ஈயத்துண்டை ரப்பர் பேண்டால் வயிற்றில் கட்டி மிதக்கவிட வேண்டும். முன்னே பின்னே நகர்த்தி, நுனி கத்தரித்து, வேண்டிய நிலை வந்ததும் பென்சிலால் கோடு போட்டுத் துளையிடலாம். ஒரு எச்சரிக்கை: வெளியே கட்டிய ஈயம் தானும் கொஞ்சம் நீரை விலக்கும். உள்ளே புதைத்ததும் அந்த உதவி போய்விடும். நாலு கிராம் ஈயத்துக்குத் துளையில் இழந்த மரத்தையும் கழித்தால் வித்தியாசம் 0.2 கிராம் அளவு. மிதக்கும் லூருக்கு இது பொருட்டில்லை. நடுநீரில் நிற்க வேண்டிய லூருக்கு இந்த 0.2 கிராம் போதும், நேரே அடிமணலுக்குப் போய்விடும். துளையிடும் முன் அவ்வளவு ஈயத்தைச் சீவிவிட வேண்டும். பொன் நிறுக்கும் அளவுக்குத் துல்லியமான சின்ன எலக்ட்ரானிக் தராசு இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. லூர் செய்பவருக்குக் கத்திக்கு அடுத்த கருவி அதுதான்.

ஈயம் உருக்குவது பற்றி ஒரு வார்த்தை. வீட்டு அடுப்பில், மூடிய அறையில் வேண்டவே வேண்டாம். புகையும் தூசியும் நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னும் மோசம். நீர்ப்பறவைகளுக்கும் அதே கதி என்பதால்தான் பிரிட்டனில் அன்னப்பறவைகள் செத்ததையடுத்து 1987ல் 0.06 முதல் 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளுக்குத் தடை வந்தது. டென்மார்க்கும் பின்னர் தடை செய்தது. டங்ஸ்டன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, இன்னும் சின்னத் துளையில் அடங்கும், விலை மட்டும் கடிக்கும். எஃகு உருண்டை மலிவு, துளை பெரிதாக வேண்டும்.

இனி முன்தகடு. சின்னத் துண்டு, ஆனால் லூரின் இயந்திரம் அதுதான். நீரோட்டத்துக்குக் குறுக்கே எதை நிறுத்தினாலும் அதன் பின்னால் சுழல்கள் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாறி மாறிப் பிய்த்துக்கொண்டு போகும். மின்கம்பி காற்றில் முனகுவதும் இதனால்தான். தியடோர் வான் கார்மன் 1911, 1912ல் இதற்குக் கணிதம் எழுதினார், சுழல்வரிசைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஒவ்வொரு சுழல் பிரியும்போதும் தகட்டை ஒரு பக்கம் உதைத்துவிட்டுப் போகும், உடல் அந்த உதைக்கு ஆடும். இடம் ஒன்று, வலம் ஒன்று சேர்ந்த முழு ஆட்டம் நொடிக்கு எத்தனை என்பது வேகத்தைத் தகட்டின் அகலத்தால் வகுத்து, அதில் ஆறில் ஒரு பங்கு அளவு. நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இழுக்கும் ஒன்றரை செ.மீ. தகட்டுக்கு நொடிக்கு ஐந்து, ஆறு ஆட்டம் என்று தோராயமாகச் சொல்லலாம். அகலத் தகடு போட்டால் நிதானமான, பெரிய ஆட்டம். குறுகலான தகடு போட்டால் பொடி நடுக்கம். நீருக்குள் நடக்கும் இந்த மெதுவான அதிர்வுகள்தான் மீனின் பக்கக்கோட்டுக்கு எட்டுபவை. கலங்கல் தண்ணீரில், இருட்டில், நிறம் ஒன்றுக்கும் உதவாத நேரத்தில் விரால் லூரைக் கண்டுபிடிப்பது உடம்பின் பக்கவாட்டில் ஓடும் அந்த உணர்வுக் கோட்டால்.

ஆழத்தைத் தீர்மானிப்பது தகட்டின் கோணம். உடலின் நீட்சியாகவே முன்னோக்கி நீண்ட தகடு ஆழமாக இறங்கும். கிட்டத்தட்டச் செங்குத்தாகத் தொங்கும் தகடு மேலேயே நின்று அதிகம் ஆடும். நரம்பு கட்டும் கண்ணி மூக்கில் இருந்தால் ஒரு குணம், தகட்டின் மேலேயே இருந்தால் இன்னொரு குணம். பின்னதுதான் ஆழம் போகும் லூர்களில் இருக்கும்.

தகட்டுக்குப் பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக் தாள் தேடி அலைய வேண்டாம். பயனற்றுக் கிடக்கும் சி.டி.க்கள் 1.2 மி.மீ. தடிமனுள்ள பாலிகார்பனேட்தான். மேலே உள்ள பளபளப்பைச் சுரண்டிவிட்டுக் கத்தரித்துக்கொள்ளலாம். வெட்டும்போது விரிசல் விடாமல் இருக்க வெந்நீரில் சற்று நனைத்தெடுப்பது உதவும். தகடு செருகும் வெட்டை மட்டும் மரம் சதுரக் கட்டையாக இருக்கும்போதே ரம்பத்தால் போட்டுவிட வேண்டும். மீன் வடிவம் வந்த பிறகு நேர்க்கோடு பிடிக்க உடம்பில் ஒரு நேர்ப்பக்கமும் மிச்சமிருக்காது. நடுக்கோட்டையும் அப்போதே நாலு பக்கமும் கீறிவைத்துக்கொண்டு, அது அழியாமல் இரு பக்கமும் ஒரே அளவு சீவிவர வேண்டும். தகடு மயிரளவு சாய்ந்து ஒட்டினாலும் லூர் தலைவிதியே என்று ஒரு பக்கமாக ஓடும்.

உள்ளே ஓடும் கம்பி பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன மீனுக்குத் திருகுக் கண்ணிகளை அரால்டைட்டில் தோய்த்து மரத்தில் ஏற்றினால் போதும். கொடுவா, பாரை என்று போனால் லேசான மரம் பிளந்து கொக்கியோடு மீன் போய்விடும். அதனால் வயிற்றில் நீளவாட்டில் ரம்பக் கீற்றுப் போட்டு, மூக்கிலிருந்து வால்வரை ஒரே துருப்பிடிக்காத கம்பியை வளைத்து உள்ளே வைத்து மூடுவார்கள். மரம் நொறுங்கினாலும் மீன் கம்பியில் நிற்கும். இந்தக் கம்பியும் எடைதான் என்பதை மறக்க வேண்டாம். அது வயிற்றுப் பக்கம் போகிறது என்பதால் பாதி ஈயத்தின் வேலையை அதுவே பார்த்துவிடும்.

மரத்தின் பெரிய எதிரி தண்ணீர். லூர் செய்பவருக்கு இது வேடிக்கையான நிலை. கட்டுமரக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி: லேசான மரம் வேகமாகத் தண்ணீர் குடிக்கும், அதனால் கட்டுமரத்தைக் கரையேற்றிக் கட்டவிழ்த்துக் காயப்போடுவார்கள். ஒன்பது செ.மீ. லூருக்கும் அதே விதி. முள் உரசி விழும் கீறல், தகடு செருகிய இடுக்கு, கண்ணி ஏறிய துளை இந்த மூன்று வழியாகத்தான் பெரும்பாலும் நீர் புகும். அரை கிராம் நீர் உள்ளே போனாலும் போட்ட கணக்கெல்லாம் போச்சு. மரம் உப்பிப் பூச்சு வெடித்துவிட்டால் அப்புறம் மீட்க வழியில்லை. தண்ணியான சூப்பர் குளூவை உடல் முழுக்க ஊறவிட்டு, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, மறுபடி ஊறவிடுவது எளிய காப்பு. முதல் தடவையில் மயிர் மயிராக எழும் நார்கள் இரண்டாம் தடவையில் அடங்கிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், கண் எரியும்.

வரிசை முக்கியம். பூச்சுக்கு முன்னால் எடை பார்ப்பது வீண். காப்பு, நிறம், மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து ஒரு கிராம் வரை ஏறலாம், அதில் முதுகுப்பக்கம் ஏறுவது எடைப்புள்ளியையும் மேலே தூக்கும். அரால்டைட் போன்ற இரட்டைப் பிசினைத் தடிமனாகப் பூசி மெதுவாகச் சுழலும் கோலில் மாட்டாமல் வைத்தால் அது வழிந்து ஒரு பக்கம் திரண்டுவிடும். அழகான, கண்ணாடிபோல மினுங்கும், ஒரு பக்கம் சாய்ந்தே நீந்தும் லூர் கிடைக்கும். பூச்சில் அளவுக்கு மீறிய ஆசை வைப்பதால் கெட்டுப்போகும் லூர்கள், செதுக்கலில் கெடுபவற்றைவிட அதிகம் என்பது என் எண்ணம்.

எல்லாம் முடிந்து தண்ணீரில் இழுக்கும்போது அது சொல்லும் குறைகளைப் படிக்கத் தெரிய வேண்டும். எந்த வேகத்திலும் ஒரே பக்கமாக ஓடினால் கண்ணி அல்லது தகடு நடுவில் இல்லை என்று பொருள். லூரின் மூக்கு உங்களைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, அது ஓடிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கண்ணியைக் குறட்டால் சற்று வளைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். மெதுவாக இழுத்தால் நன்றாக ஆடி, வேகத்தில் மட்டும் கவிழ்ந்தால் தகடு பெரிது அல்லது ஈயம் போதவில்லை. தகட்டின் இரு ஓரத்தையும் சமமாக அரத்தால் தேய்த்துப் பார்ப்பது சுலபம், ஈயத்தை மாற்றுவது அடுத்தபடி. ஆட்டமே இல்லாமல் வந்தால் முதலில் முடிச்சைப் பாருங்கள். கண்ணியை இறுக்கிக் கட்டியிருந்தால் நரம்பே தலையைப் பிடித்துக்கொள்ளும், தளர்ந்த வளையமுடிச்சோ, ஸ்னாப் என்ற திறந்து மூடும் சின்னக் கம்பி வளையமோ போட்டதும் உயிர் வந்துவிடும். முடிச்சு சரியாக இருந்தும் ஆடவில்லை என்றால்தான் ஈயம் மிகக் கீழே இருக்கிறது என்ற முடிவுக்குப் போக வேண்டும். ராபாலா நிறுவனம் ஒவ்வொரு மரலூரையும் தொட்டியில் நீந்தவிட்டுக் கையால் திருத்தி அனுப்புவதாகச் சொல்லிக்கொள்வது விளம்பரம்தான், ஆனால் பொருளுள்ள விளம்பரம். ஒரே பலகையில் வெட்டிய இரண்டு துண்டுகளுக்குள்ளேயே அடர்த்தி வேறுபடும் என்பதால் மரத்துக்கு அந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது. அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் லூரில் ஆயிரமாவதும் முதலாவதுபோல இருக்கும். வயிற்றுக்குள் உருளும் குண்டு வைத்து, எறியும்போது வாலுக்கும் இழுக்கும்போது நடுவுக்கும் எடையை ஓடவிடவும் முடியும். மரத்தில் அது சுலபமில்லை. பால்சா லூரை எதிர்காற்றில் எறிந்தவர்களுக்கு அதன் வலி தெரியும்.

கொக்கியை மாற்றுவது சமநிலையை மாற்றுவதுதான். பெரிய மீன் வரும் என்று ஒரு அளவு பெரிய மும்முள் போட்டால் கிராம் கணக்கில் எடை ஏறும், அதுவும் வயிற்றுக்குக் கீழே தொங்கும் எடை. நீரில் இழுபடும் தடையும் கூடும். மிதந்த லூர் மூழ்கும், துடித்தது அடங்கும். பழையதையும் புதியதையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டினால் தெரிந்து செய்ததாக இருக்கும்.

கழிமுகத்தில் கொடுவாவுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி இருக்கிறது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட இரண்டரை சதவீதம் அடர்த்தி. 14 கன செ.மீ. லூருக்கு 0.35 கிராம் கூடுதல் மிதப்பு. வாளியில் அசையாமல் நடுவில் நின்ற லூர், ஏற்றத்தில் கடல் உள்ளே வரும்போது மெல்ல மேலே எழும், வற்றத்தில் ஆற்றுநீர் இறங்கும்போது மறுபடி நிற்கும். சமையல் உப்பை லிட்டருக்கு 35 கிராம் கரைத்த வாளியில் ஒரு தடவை சோதித்துக்கொண்டு, ஏற்றத்துக்கு என்று 0.7 மி.மீ. செம்புக் கம்பியில் பத்துப் பன்னிரண்டு செ.மீ. வெட்டி முன்கொக்கியின் தண்டில் நெருக்கமாகச் சுற்றிவிட்டால் கணக்கு நேராகும். தண்ணீர் திரும்பும்போது குறட்டால் பிரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம்.